எந்த எறும்பு, டாக்டர்?

"எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும் பாட்டி, அவ்ளோதான்" என்றேன். முழங்கால் மாற்று ஆபரேஷனுக்கு வந்தவர், வியாசர்பாடிக்காரர், எழுபதைத் தாண்டிய வயது. டேபிள் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு, மடியில் தலையணையை வைத்துக் கட்டிக்கொண்டு, தாடை நெஞ்சில் படுகிற மாதிரி குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் பின்னால் நின்று முதுகைத் துடைத்துவிட்டு, தோலை மரத்துப்போக வைக்கிற சின்ன ஊசியைக் கையில் எடுத்திருந்தேன். குனிந்த தலை நிமிராமலே கேட்டார்: "எந்த எறும்பு டாக்டர்? பிள்ளையார் எறும்பா, கட்டெறும்பா?"

சிஸ்டர் சிரித்தார், நானும் சிரித்தேன், ஊசியும் போட்டாயிற்று. சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில், மூலக்கொத்தளம் தாண்டி ஏதோ ஒரு சிக்னலில் நிற்கும்போது அந்தக் கேள்வி திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. பிள்ளையார் எறும்பு கையில் ஏறினால் ஊதித் தள்ளிவிட்டுப் போய்விடுவோம். கட்டெறும்பு கடித்தால் அந்த இடம் தடித்துப்போய் ரொம்ப நேரம் கடுக்கும். இத்தனை வருஷமாக, எத்தனையோ ஆயிரம் பேரிடம் இதே வரியைச் சொல்லியிருக்கிறேன், எந்த எறும்பு என்பதை மட்டும் அவரவர் கற்பனைக்கு விட்டுவிட்டேன். ஆபரேஷன் டேபிளில் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிற ஒருவர் பிள்ளையார் எறும்பையா தேர்ந்தெடுப்பார்?

நான் மயக்க மருந்து டாக்டர். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் சர்ஜனுக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுப்பார்கள், எங்களை "அந்த ஊசி போட்டாரே, அவர்" என்பார்கள். அதில் குறை ஒன்றுமில்லை. நாங்கள் நோயாளியோடு பேசுவதே மொத்தமாகப் பத்து, பதினைந்து நிமிஷம், அப்புறம் அவர் தூங்கிவிடுகிறார் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே இருக்கிற நாங்களும் ரொம்ப நாளாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். படிக்கிற காலத்தில் மருந்தின் அளவை மில்லிகிராம் சுத்தமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஊசி போடுவதற்கு முன்னால் வாயைத் திறந்து என்ன சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சீனியர் சொன்னதைக் கேட்டு நாங்கள் சொன்னோம். அவர் தன் சீனியரிடம் கேட்டிருப்பார். எறும்பு அப்படித்தான் வழிவழியாக வந்துகொண்டிருக்கிறது.

எறும்புக்கு அமெரிக்காவில் தேனீ. 2010-இல் பாஸ்டனில் ஒரு ஆய்வு வெளியானது. பிரசவ வலியைக் குறைக்கவோ சிசேரியனுக்காகவோ முதுகில் ஊசி போட்டுக்கொள்ள வந்த 140 கர்ப்பிணிகள். எல்லாருக்கும் ஒரே மாதிரியாகத் தோலை மரக்கச் செய்யும் ஊசி. பாதிப் பேரிடம் "அந்த இடம் மரத்துப்போக மருந்து போடுகிறோம், அதற்கப்புறம் நாங்கள் செய்கிற வேலை உங்களுக்குச் சௌகரியமாக இருக்கும்" என்று சொன்னார்கள். மீதிப் பேரிடம் "பெரிய தேனீ கொட்டுகிற மாதிரி இருக்கும், இருப்பதிலேயே மோசமான கட்டம் இதுதான்" என்று சொன்னார்கள். வலி எவ்வளவு என்று பத்துக்குக் கேட்டபோது முதல் கூட்டத்தின் நடுமதிப்பு 3, தேனீக் கூட்டத்துக்கு 5. ஊசியில் ஒரு வித்தியாசமும் இல்லை, வித்தியாசம் அந்த ஒற்றை வாக்கியத்தில்தான். தேனீ வாக்கியம் கெட்ட எண்ணத்தில் சொல்லப்படுவது இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். முன்னாலேயே சொல்லிவைத்தால் திடுக்கிட மாட்டார்கள், அதுதானே நேர்மை என்று நினைத்துத்தான் எல்லாரும் சொல்கிறோம்.

இதற்கெல்லாம் ‘மனசுதான் காரணம்’ என்று சொல்லி முடித்துவிடுவது எங்கள் ஆட்களின் பழக்கம். அப்படிச் சொன்னவுடன் ‘நிஜமான வலி இல்லை’ என்ற அர்த்தமும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிடும், அது தப்பு. நம்பிக்கையால் குறைகிற வலிக்கு ‘பிளாசிபோ’ என்ற பேர் எல்லாருக்கும் தெரியும். எதிர்பார்ப்பால் ஏறுகிற வலிக்கு ‘நோசிபோ’ என்ற பேர் 1961-இல்தான் வந்தது. இத்தாலியில் டூரின் நகரத்தில் ஃபாப்ரிட்சியோ பெனடெட்டியின் குழு, ஆபரேஷன் முடிந்து லேசான வலியில் இருந்தவர்களுக்கு வெறும் உப்புத் தண்ணீரை ஊசியில் ஏற்றி, இது வலியைக் கூட்டும் என்று சொன்னது. கூடியது. கூடவே புரோகுளுமைட் என்ற மருந்தைக் கொடுத்தபோது அந்தக் கூடுதல் வலி வரவில்லை. அந்த மருந்து தடுப்பது கோலிசிஸ்டோகைனின் என்ற ஒரு ரசாயனத்தை. பித்தப்பையைச் சுருக்குகிற ஹார்மோன் என்று முதல் வருஷத்தில் மனப்பாடம் பண்ணினோமே, அதேதான், மூளையிலும் வேலை பார்க்கிறது. அப்படியென்றால் பயமுறுத்துகிற ஒரு வார்த்தை உடம்புக்குள் ஒரு ரசாயனத்தை அவிழ்த்துவிடுகிறது, அது வலிப்பாதையில் நிஜமாகவே கதவைத் திறந்துவிடுகிறது. கற்பனை என்று தள்ளிவிட முடியாது.

இதைவிட என்னை உலுக்கியது 2011-இல் உல்ரிக்கே பிங்கலும் குழுவும் செய்த சோதனை. நல்ல ஆரோக்கியமாக இருந்த 22 பேரின் காலில் சூடு வைத்து வலி உண்டாக்கி, ரெமிஃபென்டனில் என்ற வீரியமான வலி மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். மருந்து ஏறுவதே தெரியாமல் ஏறியபோது கொஞ்சம் வலி குறைந்தது. "இப்போது மருந்து ஆரம்பிக்கிறோம்" என்று சொன்னவுடன், அளவை மாற்றாமலே, குறைவு இரண்டு மடங்கானது. "மருந்தை நிறுத்திவிட்டோம், இனி வலி கூடலாம்" என்று சொன்னதும், உள்ளே மருந்து அதே அளவில் ஓடிக்கொண்டிருக்கும்போதே வலி திரும்ப வந்துவிட்டது. நாங்கள் பெருமையாகப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகி வைத்துக்கொள்கிற மருந்து அது மாதிரியானது. அதன் வேலையை ஒரு வாக்கியம் அழித்துவிடும் என்றால், அந்த வாக்கியத்தையும் மருந்துச் சீட்டில் எழுதவேண்டியதுதான்.

சரி, அப்போ "வலிக்காது, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டால் ஆயிற்றா? ஆகாது. இதைத்தான் நம்மில் பெரும்பாலானோர் மாற்று என்று நினைக்கிறோம். தமிழில் எதிர்மறை, வினையின் வாலில் உட்கார்ந்திருக்கிறது. "வலிக்காது" என்பதில் காதில் முதலில் விழுவது வலி, "பயப்படாதீங்க" என்பதில் பயம். ‘ஆது’வும் ‘ஆதீங்க’வும் வந்து சேர்வதற்குள் வேண்டாததெல்லாம் உள்ளே போய்விடுகிறது. இது என் சொந்த அனுமானம், மொழியியல்காரர்கள் சண்டைக்கு வரலாம். ஆனால் "வலி", "எரிச்சல்" மாதிரி சொற்களே எண்ணெய் ஊற்றுகின்றன என்பதற்குச் சான்று உண்டு. எல்விரா லாங் என்ற டாக்டர், ரத்தக்குழாய்க்குள் டியூப் விட்டுச் செய்கிற சிகிச்சைகளை வீடியோ எடுத்து, ஊழியர்கள் பேசியதை வார்த்தை வார்த்தையாகப் பிரித்துப் பார்த்து 2005-இல் எழுதினார். முன்கூட்டியே வலி பற்றி எச்சரித்தபோது வலியும் பதற்றமும் ஏறின. "ரொம்ப வலிச்சிருக்கும் இல்ல?" என்று பிற்பாடு அனுதாபப்பட்டதில் வலி ஏறவில்லை, ஆனால் பதற்றம் ஏறியது. அனுதாபமும் உதவவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தமான செய்திதான்.

"வலிக்காது"வின் இன்னொரு கோளாறு, அது பல நேரம் பொய். சிசேரியனில் முதுகில் ஊசி போட்ட பிறகு வலி போய்விடும், ஆனால் தொடுவது தெரியும், இழுப்பது தெரியும், குழந்தையை வெளியே எடுக்கும்போது வயிற்றுக்குள் யாரோ மூட்டையைப் புரட்டுகிற மாதிரி அழுத்தம் தெரியும். "உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதும்மா" என்று சொல்லி உள்ளே கூட்டிக்கொண்டு வந்த பெண், அந்த அழுத்தம் வந்தவுடன் என்ன நினைப்பார்? மருந்து வேலை செய்யவில்லை, இனிமேல்தான் கத்தி படப்போகிறது என்று நினைப்பார். அந்த நொடியிலிருந்து நாங்கள் சொல்கிற எதையும் நம்ப மாட்டார், நம்பவும் கூடாது. இன்னொன்று, மருந்து மார்பு வரைக்கும் ஏறினால் நெஞ்சு விரிவது தெரியாமல் போய், மூச்சே விடவில்லை என்பது போலத் தோன்றும். இதை முன்னாலேயே, "நெஞ்சு மரத்துப்போறதால மூச்சு விடுறது உங்களுக்குத் தெரியாது, ஆனா போய்க்கிட்டுதான் இருக்கும், நான் தலைமாட்டுலயே இருக்கேன், என்கூடப் பேசிக்கிட்டே இருங்க, பேச வருதுன்னா மூச்சு நல்லா போகுதுன்னு அர்த்தம்" என்று சொல்லிவைத்த பெண்ணையும், சொல்லாமல் விட்ட பெண்ணையும் நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது பெண் என் கையில் நகத்தைப் பதித்த தழும்பு ஒரு வாரம் இருந்தது. தப்பு என்னுடையது.

ஆகவே நான் வந்து சேர்ந்திருக்கிற இடம் இதுதான்: இனிப்பும் வேண்டாம், மிரட்டலும் வேண்டாம். அவருக்கு என்ன தெரியும், எதற்காக அதைச் செய்கிறோம், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று மூன்றைச் சொன்னால் போதும். எறும்பின் இடத்தில் இப்போது நான் சொல்வது: "முதுகுல ஜில்லுன்னு மருந்து தடவுறேன். இப்போ அந்த இடம் மரத்துப்போக மருந்து போடுறேன், அதுக்கப்புறம் நான் தொடுறது மட்டும் தெரியும்." அடுத்தது, "கால் ரெண்டும் வெதுவெதுன்னு சூடாகி, கனத்துப் போகும், அப்படி ஆனா மருந்து நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்." கால் கனத்தால் பயப்படவேண்டியவர், கால் கனக்கக் காத்திருக்கிறார். இதே இடத்தில் நான் பயிற்சியில் இருந்தபோது கேட்டுப் பழகிய வாக்கியம், "அசையாதீங்க, அசைஞ்சா கால் வராமப் போயிடும்." நானும் சொல்லியிருக்கிறேன். கேட்டவர் அசையாமல் இருந்தாரா என்றால், நடுங்கினார். ஆபரேஷன் முடிந்து கால் மரத்துக் கிடக்கிற இரண்டு, மூன்று மணி நேரமும் அந்த வாக்கியம் அவர் கூடவே படுத்துக்கிடந்திருக்கும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. முதுகில் ஊசி போட்டதிலிருந்து இடுப்பு வலி என்று பத்து வருஷம் கழித்தும் சொல்கிற பெண்கள் சென்னையில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். பிரசவத்துக்கு அப்புறம் இடுப்பு வலி ஊசி போட்டவர்களுக்கும் வருகிறது, போடாதவர்களுக்கும் வருகிறது, நீண்ட கால வலிக்கு ஊசிதான் காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால் அந்த வலிக்கு ஊசியைக் குற்றவாளியாக்கியதில் எங்கள் வாய்க்கும் பங்கு உண்டோ என்று எனக்குச் சந்தேகம்.

எங்கள் தொழிலின் பேரே முதல் சிக்கல். ஈதர் வந்த 1846-ஆம் வருஷமே ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் இந்த நிலைக்கு ‘அனஸ்தீசியா’ என்ற கிரேக்கச் சொல்லைப் பரிந்துரைத்தார். உணர்வு இல்லாமை என்று அர்த்தம். தமிழில் நாம் பிடித்துக்கொண்டது ‘மயக்கம்’. வெயிலில் நின்றால் வருவது மயக்கம், சுகர் இறங்கினால் வருவது மயக்கம், குடித்தால், காதலித்தால், குழம்பினால் எல்லாம் மயக்கம்தான். அப்புறம் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கச் செய்தாலும் அதற்கும் பேர் மயக்க மருந்து. "எனக்கு மயக்கமே வரலை சார், எல்லாம் கேட்டுச்சு, ஏமாத்திட்டாங்க" என்று ஆபரேஷன் நன்றாக முடிந்தவர் வார்டில் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். அவர்மேல் தப்பே இல்லை. மயக்க மருந்து என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினோம், மயக்கம் வரவில்லை. இது நம் ஊருக்கு மட்டும் சொந்தமான குழப்பமும் இல்லை. ஆபரேஷன் நடுவே விழித்துக்கொண்டேன் என்ற புகார்களைப் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நாடு முழுக்கச் சேகரித்து 2014-இல் ஒரு பெரிய அறிக்கை போட்டார்கள். முழு மயக்கத்தில் சுமார் 19,000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் புகார்கள் வந்திருந்தன. சுவாரசியம் என்னவென்றால், வந்த புகார்களில் ஒரு பகுதி முழு மயக்கமே கொடுக்கப்படாதவர்களுடையது. அரைத்தூக்கத்துக்கு மட்டும் மருந்து கொடுத்திருக்கிறார்கள். விழிப்பு இருக்கும் என்று யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. மருந்தில் கோளாறு இல்லை, பேச்சில் கோளாறு.

நான் இப்போது "மயக்கம்" என்பதை முழுத் தூக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை "இடுப்புக்குக் கீழ மரத்துப்போற ஊசி", "கை மட்டும் மரத்துப்போற ஊசி" என்று நீட்டித்தான் சொல்கிறேன். ‘தூங்க வைப்பது’ என்ற சொல்லிலும் முள் இருக்கிறது. பழைய தமிழில் துஞ்சுதல் என்றால் தூங்குவதும் சாவதும். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்று சோழன் ஒருவனுக்குப் பேர் இருக்கிறது, அவன் அங்கே மதியத் தூக்கம் போடவில்லை. அதனால் தூக்கத்தைச் சொன்னால் எழுவதையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும்: "நல்லா தூங்குவீங்க, முடிஞ்சதும் நான்தான் பேர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்புவேன், கண்ணைத் திறந்து என்னைப் பாருங்க." போறேன் என்று சொல்லாமல் போயிட்டு வரேன் என்று சொல்கிற, விளக்கை அணை என்று சொல்லாமல் குளிர வை என்று சொல்கிற ஜனங்களுக்கு இதைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதே இல்லை. மங்கலம் என்று இலக்கண வகுப்பில் படித்ததுதான். வெள்ளைக் கோட்டு போட்டவுடன் எங்களுக்கு அது மறந்துபோகிறது. கழுத்தில் இருப்பதைப் பார்த்து "தாலியைக் கழட்டும்மா" என்று தியேட்டர் வாசலில் சத்தமாகச் சொல்கிற ஆட்கள் இன்னமும் இருக்கிறார்கள். நான் வேலை செய்த ஓர் இடத்தில் ஒரு மூத்த சிஸ்டர் "மஞ்சக் கயித்துக்கு மாத்திக்கலாமா கண்ணு, நகையெல்லாம் அம்மாகிட்டயே பத்திரமா இருக்கட்டும்" என்பார். வேலை ஒன்றுதான்.

மருத்துவமனைக்குள் சாதாரணமாகிவிட்ட சில சொற்கள் வெளியில் எப்படி ஒலிக்கின்றன என்று நாங்கள் யோசிப்பதே இல்லை. தூங்க வைக்கும் முன் எல்லாருக்கும் முகத்தில் மாஸ்க் வைத்து ஆக்சிஜன் கொடுப்போம், அது ஒரு சேமிப்பு மாதிரி, அவ்வளவுதான். ஆனால் நம் வீடுகளில் "ஆக்சிஜன் வெச்சிருக்காங்களாம்" என்று போன் வந்தால் ஊரிலிருந்து கிளம்பி வா என்று அர்த்தம், 2021-க்குப் பிறகு சொல்லவே வேண்டாம், சிலிண்டருக்கு வரிசையில் நின்றவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர். "ஆக்சிஜன் வைக்கிறேன்" என்றதும் மானிட்டரில் நாடித்துடிப்பு குபுக்கென்று ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். "எல்லாருக்கும் வைக்கிறதுதான், நல்ல காத்து, மெதுவா இழுத்து விடுங்க" என்றால் இறங்கும். குளுக்கோஸ் பாட்டில் இதற்கு நேர் எதிர். வெறும் உப்புத் தண்ணீரை ஏற்றினாலும் அதைப் பார்த்தவுடன் பாதித் தெம்பு வந்துவிடும் ஆட்கள் நாம். பெனடெட்டியை ஒரு நாள் புறநகர் கிளினிக் ஒன்றில் உட்கார வைக்க வேண்டும்.

வெறும் வயிறு விஷயம் வேறு மாதிரி ஆபத்து, இதில் வலியும் பயமும் இல்லை, உயிர் இருக்கிறது. வயிற்றில் உணவு இருந்து, மயக்கத்தில் அது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் பெரிய விபரீதம். அதற்காக லேசான சாப்பாட்டுக்கும் பாலுக்கும் 6 மணி நேரம், தெளிந்த தண்ணீருக்கு 2 மணி நேரம் இடைவெளி கேட்கிறோம். "காலையில சாப்பிடாம வாங்க" என்று சொல்லி அனுப்பினால் என்ன ஆகும்? சாப்பாடு என்றால் சோறு. "சாப்பிடலை டாக்டர், ரெண்டு இட்லிதான்" என்று சொன்னவரைக் காலை எட்டு மணிக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். "டிபன்கூட வேணாம்" என்றால் காபி வருகிறது, காபி ஒரு கணக்கிலேயே சேராது, அதில் பால் இருக்கிறதே என்றால் "கொஞ்சமாத்தான் பால் விட்டேன்." மறுபக்கம், தண்ணீரும் கூடாது என்று தப்பாகப் புரிந்துகொண்டு முந்தின ராத்திரி ஒன்பது மணியிலிருந்து நாக்கு வறண்டு வந்து, மத்தியானம் வரைக்கும் காத்திருக்கிற சுகர் நோயாளிகள். இப்போது இட்லி, காபி, பால், ஹார்லிக்ஸ், பிஸ்கட், மாத்திரை, தண்ணீர் என்று ஒவ்வொன்றின் பேரையும் சொல்லி, பக்கத்தில் மணியையும் எழுதிக் கொடுக்கிறேன். ஆஸ்பத்திரித் தமிழில் ‘ஆகாரம்’ என்று அச்சடித்த துண்டுச்சீட்டை யாரும் படிப்பதில்லை.

தியேட்டருக்குள் நாங்கள் ஆங்கிலத்துக்குத் தாவுவதும் பேச்சுதான். மறைப்பதாக நினைத்துக்கொண்டு தாவுகிறோம், விழித்திருக்கிறவர் நடுவில் இருக்கிற பிராப்ளம், பிளட், கிரிட்டிக்கல், ஷிட் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துக்கொள்கிறார். "ரிப்போர்ட் நெகட்டிவ்" என்று நான் சந்தோஷமாகச் சொன்னதைக் கேட்டு அழுத ஒரு மாமாவை எனக்குத் தெரியும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்து கையை நசுக்கிக்கொண்டு டேபிளில் படுத்திருக்கிற பையன்களுக்கு எங்கள் தமிழும் இரைச்சல், ஆங்கிலமும் இரைச்சல். அவர்களுக்குக் குரலும் முகமும்தான் வார்த்தை, அந்த முகத்தையும் மாஸ்க் மூடியிருக்கிறது.

கையெழுத்து வாங்குகிற இடத்துக்கு வருவோம், இதில்தான் எனக்கே முழுத் தெளிவு இல்லை. கெட்டதைச் சொன்னால் கெட்டது கூடுகிறது என்றால் ஆபத்துகளைச் சொல்லாமல் விட்டுவிடலாமா? முடியாது, கூடாது. டெல்லியில் ஒரு பெண்ணுக்கு உள்ளே டியூப் விட்டுப் பார்க்க மட்டும் என்று மயக்கம் கொடுத்துவிட்டு, அவர் மயக்கத்தில் இருக்கும்போதே வெளியில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தப்பு என்றது. வயது வந்த, புத்தி தெளிவாக இருக்கிற, அவசரம் எதுவும் இல்லாத நோயாளிக்குப் பதிலாக அம்மா சம்மதம் சொல்ல முடியாது, சிகிச்சையைப் பற்றிப் போதிய விவரம் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்றது. தீர்ப்பு வந்து இவ்வளவு வருஷம் ஆகியும் சென்னையில் இன்றைக்கும் பையன் என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டு "அம்மாகிட்ட எதையும் சொல்லாதீங்க டாக்டர், பயந்துடுவாங்க, எங்கிட்ட சொல்லுங்க, நான் கையெழுத்துப் போடுறேன்" என்கிறார். அந்த அம்மா நாற்பது வருஷம் குடும்பத்தை நடத்தியவர்.

எங்கள் பக்கத்தில், "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிம்மா, இங்க ஒரு கையெழுத்து" என்று ஒரு கூட்டம். "டேபிள்லயே என்ன வேணும்னாலும் ஆகலாம், நாங்க பொறுப்பில்லை" என்று இன்னொரு கூட்டம். இரண்டும் நோயாளிக்காகப் பேசப்படுவது இல்லை. இடையில் ஒரு வழி உண்டு, அது எண்ணை எந்தப் பக்கத்திலிருந்து சொல்வது என்பது. முதுகில் போடுகிற ஊசிகளைப் பற்றி பிரிட்டனில் ஒரு வருஷத்தின் சுமார் 7 லட்சம் ஊசிகளை வைத்து 2009-இல் ஒரு கணக்கெடுப்பு வந்தது. நிரந்தரமான பாதிப்பு, ரொம்பக் கறாராக எண்ணினாலும், லட்சத்துக்கு 4 பேர் சொச்சம். "நரம்பு அடிபட வாய்ப்பு இருக்கு" என்பதும் இந்தக் கணக்குதான். "சேப்பாக்கம் மைதானத்தை ரெண்டு, மூணு தடவை நிரப்பினா ஒரு லட்சம் பேர், அதுல நாலு பேரைத் தவிர மத்தவங்க எல்லாரும் நல்லா நடந்து போறாங்க, அந்த நாலையும் குறைக்கத்தான் நாங்க இன்னின்னது செய்யுறோம்" என்பதும் இதே கணக்குதான். ஒன்றையும் மறைக்கவில்லை. இதைச் சொல்ல வேண்டிய இடம் முந்தின நாள் வார்டு, ஸ்ட்ரெச்சரில் படுத்துத் தியேட்டர் கதவைத் தாண்டும்போது சொல்லக்கூடாது. முந்தின நாள் போய்ப் பேசுவதற்கு என்ன மதிப்பு என்று லாரன்ஸ் எக்பெர்ட் 1960-களிலேயே பாஸ்டனில் காட்டிவிட்டார். வயிற்று ஆபரேஷனுக்கு வந்த 97 பேரில் ஒரு பாதியிடம் ஆபரேஷனுக்கு அப்புறம் வலி எங்கே, எப்படி இருக்கும், எப்படித் திரும்பிப் படுக்கலாம், எப்படி உடம்பைத் தளர்த்தலாம் என்று விவரமாகச் சொன்னார். அவர்களுக்குத் தேவைப்பட்ட வலி மருந்து மற்றவர்களுக்குத் தேவைப்பட்டதில் பாதிதான், வீட்டுக்கும் சராசரியாக 2.7 நாள் முன்னதாகப் போனார்கள். 1964-இல் அச்சான விஷயம்.

கவனித்தீர்களா, எக்பெர்ட் வலியைப் பற்றி வாய் திறந்து பேசினார், கூடவே அதற்கு என்ன செய்யலாம் என்பதையும் கையில் கொடுத்தார். இதனால்தான் "வலி என்ற சொல்லையே ஒழித்துவிடுங்கள்" என்று சில மாநாடுகளில் சொல்வதோடு நான் முழுக்க ஒத்துப்போவதில்லை. ஆஸ்திரேலியாவில் சிசேரியன் முடிந்த 300 பெண்களில் பாதிப் பேரிடம் "வலி எப்படி இருக்கிறது" என்றும், மீதிப் பேரிடம் "எவ்வளவு சௌகரியமாக இருக்கிறீர்கள்" என்றும் கேட்டுப் பார்த்தார்கள், 2013-இல் வந்த ஆய்வு. சௌகரியம் கேட்கப்பட்டவர்கள் குறைவாகத் தொந்தரவுபட்டார்கள், கூடுதல் மருந்து கேட்டதும் குறைவு. நல்ல முடிவுதான். ஆனால் அதை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால்? நம் வார்டில் பெண்கள் ஏற்கனவே வலியைச் சொல்வதில்லை. "பிள்ளை பெத்தா வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கோ" என்று மாமியாரில் ஆரம்பித்து ஆயாம்மா வரைக்கும் சொல்லிவைத்திருக்கிறார்கள், பிரசவ அறைகளில் கத்தினால் கிடைக்கிற ஏச்சு இன்னும் மோசம். அவரிடம் போய் "சௌகரியமா இருக்கீங்களா?" என்றால், "ம், பரவாயில்லை சார்" என்பார், பல்லைக் கடித்துக்கொண்டு. பத்துக்கு எத்தனை என்று கேட்பதும் இங்கே சரியாக உட்காருவதில்லை. மார்க் போடச் சொன்னதாக நினைத்து, டாக்டர் மனசு நோகக்கூடாது என்று குறைத்துப் போடுவார்கள். வயசானவர்களிடம் "ரூபாய்க்கு எத்தனை அணா குறைஞ்சிருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள், "எட்டணா குறைஞ்சிருக்கு, இன்னும் எட்டணா பாக்கி" என்று துல்லியமாக வரும். குத்துதா, கடுக்குதா, எரியுதா, இழுக்குதா, விண்ணு விண்ணுன்னு தெறிக்குதா என்று கேட்டால் எந்த மருந்து என்பதற்கே துப்புக் கிடைக்கும். இத்தனை சொல் வைத்திருக்கிற மொழியில் வெறும் எண் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

முழு மயக்கத்தில் இருப்பவருக்கு வார்த்தை எதற்கு என்றால், அதற்கும் ஒரு பதில் வந்திருக்கிறது. ஜெர்மனியில் ஐந்து மருத்துவமனைகளில் 385 பேருக்கு ஆபரேஷன் நடக்கும்போது காதில் இயர்போன் மாட்டினார்கள். பாதிப் பேருக்கு மெல்லிய இசையும் நம்பிக்கை தருகிற பேச்சும், மீதிப் பேருக்கு ஒன்றுமே பதிவாகாத வெற்று டேப். 2020-இல் வந்த முடிவு, பேச்சைக் கேட்டவர்களுக்கு முதல் 24 மணி நேரத்தில் ஓபியாய்டு என்கிற வீரியமான வலி மருந்து மூன்றில் ஒரு பங்கு குறைவாகத் தேவைப்பட்டது. இதைப் படித்த நாளிலிருந்து எங்கள் தியேட்டரில் கிரிக்கெட் ஸ்கோரும் நிலத்தரகுப் பேச்சும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. முழுக்க நின்றது என்று சொன்னால் பொய்.

நோயாளிகள் பக்கத்திலிருந்து செய்யக்கூடியது ஒன்று உண்டு. முந்தின நாள் நாங்கள் பார்க்க வரும்போது, உங்களை எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும், போன ஆபரேஷனில் எது பயமாக இருந்தது, எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டுமா, தலைப்பு மட்டும் போதுமா என்று நீங்களே சொல்லிவிடலாம். வேளச்சேரியிலிருந்து வந்த ஒருவர், "டாக்டர், எனக்கு என்ன செய்யப் போறீங்கன்னு செய்யுறதுக்கு முன்னாடி சொல்லுங்க, எப்படி இருக்கும்னு மட்டும் சொல்லாதீங்க, அதை நான் பார்த்துக்கிறேன்" என்றார். நான் கேட்டதிலேயே தெளிவான சம்மதம் அதுதான்.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். எங்கள் பழைய செக்லிஸ்டில், தியேட்டருக்கு அனுப்பும் முன் வார்டிலேயே பல்செட், கண்ணாடி, காது மிஷின் எல்லாவற்றையும் கழட்டி வீட்டாரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று இருந்தது. காது மிஷினைக் கழட்டி அனுப்பிவிட்டு, உள்ளே அந்தத் தாத்தாவிடம் நான் மெல்லிய குரலில், பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் என் மாஸ்க்கையே பார்த்துக்கொண்டு தலையாட்டினார். போன வருஷம் அந்த வரியை அடித்துவிட்டோம். காது மிஷின் இப்போது தியேட்டருக்குள் வருகிறது. முழு மயக்கம் என்றால் தூங்கின பிறகு கழட்டி, பேர் எழுதின டப்பாவில் போட்டு, ரெக்கவரி ரூமுக்கு அவர் கூடவே அனுப்புகிறோம்.